றெஜிபோம் மூடி

முதலில் இரவல்.
டொக்டர் பத்மநிதி கடைவாய்ப் பல்லைப் படமெடுக்கிற
வளைய பிளாஷ்.
வெள்ளி பின்னேரம் கேட்டேன்.
"கிருமி ஒட்டாமல் திருப்பிக் கொண்டா" என்றார்.
ஆருடைய கிருமி என்று நான் கேட்கவில்லை.

உவர்மலை ஏற்றத்தில், இலந்தையில்,
ஒரு பொன்வண்டு.
பச்சை என்று சொல்லிவிடலாம்.
பச்சைக்குள் செம்பு, செம்புக்குள் ஒரு நீலம்,
பெற்றோல் சிந்திய மழைத்தண்ணியில் போல.
அமுக்கினேன்.
திரையில் வந்தது வண்டு இல்லை,
அதன் முதுகில் ஒட்டிய வெள்ளை உழுந்துவடை.

பல்லுக்கு நிழல் தேவையில்லை,
சொத்தை தெரிந்தால் போதும்.
வண்டு என்ன சொத்தைப் பல்லா?

ஏகாம்பரம் வீதியில் ஜவாத் நானா
கண்ணாடி அலுமாரியைத் திறந்தார்.
இரட்டை பிளாஷ். நண்டின் கண் போல
இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு.
விலை, சீட்டுக்காசு போக என் மூன்று மாதச் சம்பளம்.
"கட்டுக்காசுக்கும் தரலாம் தங்கச்சி."
மாதிரிப் படத்தில் ஓர் ஈ;
ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு புள்ளி,
எதிரே லொறி வருகிறது,
அது இன்னும் ஒதுங்கவில்லை.

பிறகு எல்.ஈ.டி பலகை. நாலாயிரத்து ஐந்நூறு.
அணையாது, வெடிக்காது,
பார்த்துப் பார்த்து வைக்கலாம்.
வாங்கினேன்.
உப்புவெளியில் கச்சான் காற்று விடவில்லை.
புல்நுனி ஆட, நுனியில் தும்பி ஆட,
மூச்சை அடக்கிய நானும் ஆட
நூறு படம்.
நூறிலும் தும்பி போன வழி இருந்தது,
தும்பி இல்லை.

"அப்ப பிளாஷ்தான்," என்றார் நானா, "தனியா, சின்னதா, மலிவா."

சின்னதா.
ஆறு வயதில் நான் கண்ட முதல் பிளாஷ்
மூதூர்ப் பக்கம் வானத்தில் தொங்கியது.
பரா வெளிச்சம்.
விடிந்ததென்று கோழிகள் கூவின.
வேலியில் ஒவ்வொரு கிடுகையும் எண்ணலாம்.
அது இறங்க இறங்க
எங்கள் நிழல்கள் முற்றம் முழுக்க ஓடின.
நாங்கள் அசையாமல் நின்றோம்.

அதனால் எனக்குத் தெரியும், நானா.
சின்னதாய்த் தூரத்தில் நிற்கிற வெளிச்சம்
கத்தி போல வெட்டும்.
பெரிசாய் வேணும், கிட்டவும் வேணும்.
ஒரு வண்டுக்கு எத்தனை பெரிய வானம் வேணும்?
ஒரு சாண்.

அந்த ஒரு சாண் மீன்சந்தையில் கிடந்தது.
அறக்குளா வந்த றெஜிபோம் பெட்டி,
ஐஸ் உடைத்த கம்பி பட்டு
மூடியில் ஒரு மூலை போய்விட்டது.
"பெட்டியையும் கொண்டுபோ பிள்ளை" என்றார் செபமாலை.
மூடி மட்டும் எடுத்தேன்.
கிளினிக் பிளேட்டால் இரவிரவாய்ச் சீவி
அட்டை மொத்தத்துக்குக் கொண்டுவந்து,
நானாவிடம் வாங்கிய பழைய பிளாஷின் முகத்தில்
இறப்பர் பட்டியால் கட்டினேன்.
வெளிச்சம் கஞ்சி போல வடிந்தது.

நாற்றம்?
மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை.
ஈக்கள் அழைக்காமலே வந்தன,
கலியாணப் படத்துக்கு நிற்கிற சொந்தக்காரர் போல
நெருக்கியடித்து.
ஒன்று முன்னங்கால்களைத் தேய்த்து
முகம் துடைத்துக்கொண்டது.
அதன் ஒவ்வொரு மயிரையும் என்னால் எண்ண முடிந்தது.
அது ஓடவில்லை. நிழலும் ஓடவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு இலந்தையில் இன்னொரு வண்டு.
முதுகில் இம்முறை ஒரு வெள்ளை யன்னல்,
ஒரு மூலை உடைந்தது.
கீழே கறுப்பாய் என் பெருவிரல்.
கணினியில் அழிக்கலாம் என்கிறார் நானா.
விட்டுவிட்டேன்.
செம்பும் நீலமும் அந்த உடைந்த மூலையில்தான்
தொடங்குகின்றன.

கிளினிக்கில் டொக்டர் இன்றும் வளையத்தைப் பூட்டுகிறார்.
"ஆ" என்கிறார் கதிரையில் இருக்கிற ஐயா.
கன்னத்தை இழுத்துப் பிடித்திருக்கிறேன்.
கடைவாயின் ஈய அடைப்பில்
பளிச்சென்று,
கடுகளவில்,
ஓர் உழுந்துவடை.